மணிக்குச் சுட்ட பிஸ்கட்

உங்கள் வீட்டில் நாய் வளர்க்கிறீர்களா? வளர்த்தால், நீங்கள் தேநீருடன் தின்னும் பிஸ்கட்டில் பாதியை ஒடித்து அதற்குப் போடும் பழக்கமும் உங்களுக்கு இருக்கும். அதுவும் வாலை ஆட்டிக்கொண்டு தின்றுவிடுகிறது. ஆனால் அந்த பிஸ்கட்டில் உள்ள சர்க்கரை, கொழுப்பு, உப்பு எல்லாம் நம் நாக்குக்காகச் சேர்க்கப்பட்டவை. நாயின் உடலுக்காகச் சேர்க்கப்பட்டவை அல்ல. அதற்கென்று தனியே வீட்டிலேயே பிஸ்கட் சுட முடியாதா? முடியும். கோதுமை மாவு, கேழ்வரகு மாவு, பரங்கிக்காய், ஒரு முட்டை ஆகியவை போதும்.

சுடுவது எளிது. ஆனால் சுட்ட பண்டம் கெடாமல் இருப்பது எதனால் என்று புரிந்துகொள்வது அவ்வளவு எளிதன்று. இருபது ஆண்டுகளாகக் கல்லூரியில் வெப்பவியல் பாடம் நடத்திவரும் நானே இதில் ஒருமுறை தவறிப்போனேன். அந்தத் தவற்றிலிருந்தே தொடங்குவோம்.

நான்காம் நாள் நடந்தது

எங்கள் வீட்டு நாயின் பெயர் மணி. மழையில் நனைந்து தெருவோரம் கிடந்த குட்டியை என் மகள்தான் தூக்கிவந்து வளர்த்தாள். இப்போது அதன் எடை 10 கிலோகிராம். சென்ற ஆண்டு ஐப்பசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒன்பதாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த என் மகளும் நானும் சேர்ந்து மணிக்கு பிஸ்கட் சுட்டோம். கோதுமை மாவு 150 கிராம், கேழ்வரகு மாவு 50 கிராம், வேகவைத்து மசித்த பரங்கிக்காய் 100 கிராம், ஒரு முட்டை. சர்க்கரையும் இல்லை, உப்பும் இல்லை. சப்பாத்தி மாவுபோல் பிசைந்து, ஒரு சென்டிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, சிறு சதுரங்களாக வெட்டி, ஓவனில் 180° செல்சியசில் 20 நிமிடம் வைத்தோம். மேற்புறம் பொன்னிறமாகச் சிவந்தது. விரலால் தட்டினால் 'டக்' என்று ஓசை வந்தது. சூடு ஆறுவதற்குள் எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடிவைத்தோம்.

மறுநாள் டப்பாவைத் திறந்தபோது பிஸ்கட் மெத்தென்று ஆகியிருந்தது. நான்காம் நாள் இரண்டு மூன்று துண்டுகளின்மேல் பச்சை நிறத்தில் பூசணம் பூத்திருந்தது. 'நாய்க்குத்தானே' என்று நினைத்து, பூசணத்தைக் கத்தியால் சுரண்டிவிட்டு அவற்றை மணிக்குப் போட்டேன். அன்றிரவு அது நான்கு முறை வாந்தி எடுத்தது. எழுந்து நிற்கவும் முடியாமல் மூலையில் சுருண்டு படுத்துக்கொண்டது. என் மகள் விடியும்வரை அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

காலையில் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனோம். அவர் ஊசி போட்டுவிட்டு, "சுரண்டினால் கண்ணுக்குத் தெரிவதுதான் சார் போகும்" என்று மட்டும் சொன்னார். இரண்டு நாளில் மணி தேறிவிட்டது. ஆனால் திரும்பி வரும் வழியில் என் மகள் ஒரு கேள்வி கேட்டாள்: "நூற்று எண்பது டிகிரியில சுட்டோமே அப்பா, அப்புறம் எப்படிப் பூசணம் வந்தது?"

நல்ல கேள்வி அல்லவா? அதற்கு விடை தேடுவோம்.

பூசணம் எளிதான பொருளன்று

பூசணம் என்பது பண்டத்தின் மேல் படியும் வெறும் பஞ்சு அன்று. அது ஓர் உயிர். பூஞ்சைக் காளான் இனத்தைச் சேர்ந்தது. நாம் மேலே காணும் பச்சைப் பொடி அதன் வித்துகள். அதன் உடல், கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய இழைகளாக உணவுக்குள்ளே பரவியிருக்கும். சிலவகைப் பூஞ்சைகள் வளரும்போது நஞ்சையும் சுரக்கின்றன. அந்த நஞ்சு இழைகளைச் சுற்றியுள்ள உணவில் கலந்துவிடும். மேலே சுரண்டுவதால் அது போவதில்லை.

1960ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் மடிந்தன. ஆராய்ந்து பார்த்ததில், அவற்றின் தீவனத்தில் கலந்திருந்த நிலக்கடலைப் புண்ணாக்கில் ஒருவகைப் பூஞ்சை வளர்ந்திருந்தது தெரியவந்தது. அது சுரந்த நஞ்சுக்கு 'அஃப்ளடாக்சின்' என்று பெயரிட்டார்கள். அது கல்லீரலைத் தாக்கும் நஞ்சு.

நம் நாட்டிலும் 1974ஆம் ஆண்டில் ஒரு துயரம் நிகழ்ந்தது. குசராத்திலும் இராசசுத்தானத்திலும் அடுத்தடுத்துள்ள மாவட்டங்களில், அறுவடைக் காலத்தில் மழை பெய்ததால் மக்காச்சோளம் ஈரத்தோடு சேமிக்கப்பட்டது. அதில் பூசணம் பிடித்தது. வேறு உணவில்லாத ஏழை மக்கள் அதையே தின்றார்கள். மஞ்சள் காமாலையும் வயிற்று வீக்கமும் கண்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவ்வூர்களின் நாய்களும் அதே நோய்க்கு ஆளாயின. மனிதனோடு சேர்ந்து உண்ட பிராணி மனிதனோடு சேர்ந்தே நஞ்சையும் உண்டது.

அஃப்ளடாக்சின் ஓவனின் வெப்பத்தில் முற்றிலும் அழிவதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். பூசணம் பிடித்த மாவைச் சுட்டால் பூஞ்சை சாகும், நஞ்சு எஞ்சிநிற்கும். ஆகவே பூசணம் பூத்த பண்டத்தை 'நாய்க்குத்தானே' என்று போடக் கூடாது. குப்பையில்தான் போடவேண்டும்.

சுடுவது வேறு, உலர்த்துவது வேறு

இப்போது என் மகளின் கேள்விக்கு வருவோம்.

ஓவனின் காற்று 180° செல்சியசில் இருந்தது உண்மை. ஆனால் பிஸ்கட்டின் உட்புறம் எந்த வெப்பநிலையில் இருந்தது? தண்ணீர் கொதிக்கும் பாத்திரத்தை நினைத்துப் பாருங்கள். அடுப்பின் தீயை எவ்வளவு கூட்டினாலும் தண்ணீரின் வெப்பநிலை 100 டிகிரியைத் தாண்டுவதில்லை. கூடுதல் வெப்பம் முழுவதும் நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிறது. பிசைந்த மாவிலும் இதுவே நடக்கிறது. உள்ளே ஈரம் இருக்கும்வரை அந்த இடத்தின் வெப்பநிலை ஏறத்தாழ 100 டிகிரியிலேயே நின்றுவிடும். ஈரம் போன மேற்பரப்பு மட்டுமே அதற்கு மேல் சூடேறும்.

மேற்பரப்பு பொன்னிறமாவதும் இதனால்தான். மாவிலும் முட்டையிலும் உள்ள அமினோ அமிலங்களும் சர்க்கரைப் பொருள்களும் வெப்பத்தில் ஒன்றோடொன்று வினைபுரிந்து நிறமும் மணமும் தருகின்றன. பிரெஞ்சு வேதியியலாளர் லூயி காமில் மெயார் 1912ஆம் ஆண்டில் இந்த வினையை எடுத்துரைத்தார். ஏறத்தாழ 140 டிகிரிக்கு மேல் அது விரைந்து நடக்கும். எனவே பொன்னிறம் என்பது மேல்தோல் உலர்ந்துவிட்டது என்பதற்குத்தான் அடையாளம். உள்ளே என்ன நிலை என்பதை அது சொல்லாது. நாங்கள் ஏமாந்தது இந்த இடத்தில்தான்.

அப்படியானால் 100 டிகிரி போதாதா? கிருமிகளைக் கொல்லப் போதும். பச்சை முட்டையில் இருக்கக்கூடிய கிருமிகள் அதற்கும் குறைந்த வெப்பத்திலேயே மடிந்துவிடும். மாவில் இருந்த பூஞ்சை வித்துகளும் பெரும்பாலும் அழிந்திருக்கும். ஆனால் பூஞ்சை வித்துகள் காற்றில் எங்கும் மிதக்கின்றன. நம் கையில் இருக்கின்றன. டப்பாவின் ஓரத்தில் இருக்கின்றன. பிஸ்கட் வெளியே வந்த மறுகணமே புதிய வித்துகள் அதன்மேல் விழுகின்றன. விழுந்த வித்து முளைப்பதும் முளைக்காமல் கிடப்பதும் அங்கே அதற்கு நீர் கிடைக்கிறதா என்பதைப் பொறுத்தது.

ஆக, வெப்பம் இரண்டு வேறு வேலைகளைச் செய்யவேண்டியிருக்கிறது. ஒன்று, பண்டத்தை வேகவைத்து அதிலுள்ள கிருமியைக் கொல்லுவது. மற்றொன்று, நீரை வெளியேற்றுவது. முதல் வேலை சில நிமிடங்களில் முடியும். இரண்டாவது முடிய மணிக்கணக்கில் ஆகும். ஏன் என்று ஒரு சிறு கணக்கால் பார்ப்போம்.

பிஸ்கட்டின் வரவுசெலவு

எங்கள் மாவின் மொத்த எடை 350 கிராம். இதில் நீர் எவ்வளவு? 'உலர்ந்தது' என்று நாம் நினைக்கும் மாவிலேயே நூற்றுக்கு 12 பங்கு நீர் உண்டு. 200 கிராம் மாவில் 24 கிராம். முட்டையில் முக்கால் பங்கு நீர். 50 கிராமில் 38 கிராம். பரங்கிக்காயில் பத்தில் ஒன்பது பங்கு நீர். 100 கிராமில் 90 கிராம். கூட்டினால் 152 கிராம். மீதியுள்ள 198 கிராம்தான் உலர்பொருள்.

350 கிராம் மாவை அறையின் வெப்பநிலையான 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவர எவ்வளவு வெப்பம் வேண்டும்? அதன் வெப்ப எண் கிராமுக்கு 3 ஜூல் என்று கொள்வோம். 350 × 3 × 70 = 73,500 ஜூல். இனி, ஒரு கிராம் நீரை ஆவியாக்க 2,260 ஜூல் தேவை. இதுவே நீங்கள் பாடத்தில் படிக்கும் ஆவியாதலின் உள்ளுறை வெப்பம். 152 கிராம் நீரில் 142 கிராமை வெளியேற்ற 142 × 2,260 = 3,20,920 ஜூல் தேவை. அதாவது சூடேற்றுவதைவிட உலர்த்துவதற்கு நான்கு மடங்குக்கும் மேல் வெப்பம் வேண்டும்!

பிறகு ஒருநாள் அதே பழைய முறையில் மீண்டும் ஒருமுறை சுட்டு எடைபோட்டேன். 20 நிமிடத்தில் 350 கிராம் 265 கிராமாகக் குறைந்திருந்தது. அப்படியானால் உள்ளே இன்னும் 67 கிராம் நீர்; அதாவது நூற்றுக்கு 25 பங்கு. நாங்கள் சுட்டது உண்மையில் பிஸ்கட் அன்று. பிஸ்கட் தோல் போர்த்திய ரொட்டி!

மாலையில் மொறுமொறுவென்று இருந்தது மறுநாள் மெத்தென்று ஆனதன் காரணமும் இப்போது புரியும். நடுவில் இருந்த ஈரம் மெதுவாக உலர்ந்த மேல்தோலுக்குப் பரவிவிட்டது. சூட்டோடு மூடியது இன்னொரு தவறு. வெளியேறிய நீராவி போக வழியின்றி, குளிர்ந்த மூடியில் பட்டுத் துளிகளாகி மீண்டும் பிஸ்கட்டின் மேலேயே விழுந்தது.

எவ்வளவு நீர் என்பது மட்டும் போதாது

இங்கே ஒரு வியப்பு இருக்கிறது. தேனில் நூற்றுக்கு ஏறத்தாழ 18 பங்கு நீர் உண்டு. அது ஆண்டுக்கணக்கில் கெடுவதில்லை. ஆனால் கோதுமையில் 18 பங்கு நீர் இருந்தால் சில வாரங்களில் பூசணம் பிடித்துவிடும். இரண்டிலும் ஒரே அளவு நீர். ஒன்று கெடுகிறது, மற்றொன்று கெடுவதில்லை. ஏன்?

தேனில் உள்ள நீர் மூலக்கூறுகளைச் சர்க்கரை மூலக்கூறுகள் இறுகப் பற்றிக்கொண்டிருக்கின்றன. பூஞ்சையால் அந்த நீரை எடுத்துக்கொள்ள முடிவதில்லை. ஆகவே உணவில் நீர் எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, அதில் எவ்வளவு கட்டற்று இருக்கிறது என்பதே முக்கியம். இதை அளக்க இயற்பியல் ஓர் எளிய வழி தருகிறது. உணவைச் சிறிய மூடிய அறையில் வைத்தால், சிறிது நேரத்தில் அதற்கு மேலுள்ள காற்றில் ஒரு குறிப்பிட்ட அளவு நீராவி சேரும். அந்த ஆவியழுத்தத்தை அதே வெப்பநிலையில் தூய நீரின் ஆவியழுத்தத்தால் வகுக்கவேண்டும். கிடைக்கும் எண்ணுக்கு 'நீர்ச் செயல்பாடு' என்று பெயர். தூய நீருக்கு அது 1. முற்றிலும் உலர்ந்த பொருளுக்கு 0. ஆஸ்திரேலிய அறிவியலாளர் டபிள்யூ. ஜே. ஸ்காட், நுண்ணுயிரிகளின் வளர்ச்சி இந்த எண்ணைப் பின்பற்றியே அமைகிறது என்று 1953ஆம் ஆண்டில் காட்டினார்.

உணவைக் கெடுக்கும் பெரும்பாலான பாக்டீரியாக்கள் 0.91க்குக் கீழே வளர்வதில்லை. பெரும்பாலான பூசணங்கள் 0.80க்குக் கீழே வளர்வதில்லை. 0.60க்குக் கீழே எந்த நுண்ணுயிரியும் வளராது என்றே சொல்லலாம். எங்கள் முதல் பிஸ்கட்டின் எண் 0.9ஐ ஒட்டி இருந்திருக்கும். பூசணத்துக்கு அது விருந்து!

இன்னொன்றும் கவனியுங்கள். இந்த எண்ணை நூறால் பெருக்கினால், அந்த உணவு எந்த ஈரப்பதமுள்ள காற்றோடு சமநிலையில் இருக்கும் என்பது கிடைத்துவிடும். ஐப்பசி மழையில் காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டுகிறது. நன்றாக உலர்ந்த பிஸ்கட்டை அக்காற்றில் திறந்துவைத்தால், அது சமநிலை வரும்வரை ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மழைக்காலத்தில் பொரித்த அப்பளம் நமுத்துப்போவது இதனால்தான். ஆகவே உலர்த்துவதோடு வேலை முடியவில்லை. காற்றுப் புகாமல் மூடிவைக்கவும் வேண்டும்.

கனத்தைப் பாதியாக்கினால்...

'அப்படியானால் 180 டிகிரியிலேயே ஒரு மணி நேரம் வைத்துவிடலாமே' என்று உங்களுக்குத் தோன்றலாம். வைத்தால் மேற்புறம் கருகும். நடு அப்போதும் சரியாக உலராது. நடுவில் உள்ள நீர் மாவின் நுண்ணிய இடைவெளிகள் வழியே ஊர்ந்து மேற்பரப்புக்கு வரவேண்டும். மேல்தோல் விரைந்து இறுகிவிட்டால் அந்தப் பயணம் இன்னும் தடைப்படும். வெப்பத்தைக் கூட்டுவதைவிடப் பாதையைக் குறுக்குவதே நல்ல வழி.

இப்படி ஊர்ந்து பரவும் நிகழ்ச்சிகளில் ஒரு விதி உண்டு: ஆகும் நேரம் தொலைவின் இருமடிக்கு நேர் விகிதத்தில் இருக்கும். கனத்தைப் பாதியாக்கினால் நேரம் பாதியாவதில்லை. ஏறத்தாழ கால் பங்காகிவிடும். வற்றலுக்குக் காய்களை மெல்லிய வில்லைகளாக நறுக்கும் நம் பாட்டிமார்கள் இந்த விதியைக் கையால் அறிந்திருந்தார்கள்.

அடுத்த முறை மாவை அரை சென்டிமீட்டர் கனத்துக்குத் தேய்த்தோம். 3 சென்டிமீட்டர் சதுரங்களாக 60 துண்டுகள் கிடைத்தன. முதலில் 180 டிகிரியில் 15 நிமிடம். பிறகு ஓவனை 110 டிகிரிக்குக் குறைத்து, நீராவி வெளியேற இடையிடையே கதவைத் திறந்துவிட்டோம். என் மகள் சமையலறைத் தராசில் எடைபோட்டு எழுதிய கணக்கு இது:

தொடக்கத்தில் 350 கிராம்
180 டிகிரியில் 15 நிமிடத்துக்குப் பின் 258 கிராம்
110 டிகிரியில் 30 நிமிடத்துக்குப் பின் 228 கிராம்
60 நிமிடத்துக்குப் பின் 214 கிராம்
90 நிமிடத்துக்குப் பின் 209 கிராம்
120 நிமிடத்துக்குப் பின் 208 கிராம்

முதலில் எடை விரைந்து குறைகிறது; அப்போது மேற்பரப்பின் நீர் போகிறது. பின்னர் மெல்ல மெல்லக் குறைகிறது. அப்போது நடுவில் உள்ள நீர் ஊர்ந்து வருகிறது. கடைசி அரை மணி நேரத்தில் போனது ஒரே கிராம். 208 கிராமில் எஞ்சிய நீர் 10 கிராம். நூற்றுக்கு 5 பங்குக்கும் குறைவு. இதன் நீர்ச் செயல்பாடு 0.60க்கு வெகு கீழே. முற்றிலும் ஆறவைத்து, இறுக மூடும் டப்பாவில் போட்டோம். ஒரு மாதம் கழித்தும் அதில் பூசணம் பூக்கவில்லை.

இடிதாங்கி விற்றவர் கண்ட வழி

'பிஸ்கட்' என்ற சொல்லுக்கே 'இருமுறை சுட்டது' என்றுதான் பொருள். அது இலத்தீன் மொழியிலிருந்து வந்தது. முதலில் சுட்டு, மீண்டும் மிதமான சூட்டில் உலர்த்தினார்கள். மாதக்கணக்கில் கடலில் போகும் மாலுமிகளுக்கு இத்தகைய கல்போன்ற பிஸ்கட்டே உணவு.

அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்திலிருந்து இங்கிலாந்துக்குப் போனவர் ஜேம்ஸ் ஸ்ப்ராட். இடிதாங்கி விற்பது அவர் தொழில். கப்பல்களிலிருந்து வீசப்பட்ட பழைய பிஸ்கட்டுகளைத் துறைமுகத்து நாய்கள் ஆவலோடு தின்பதைக் கண்டு அவருக்கு ஓர் எண்ணம் பிறந்தது என்று சொல்வார்கள். 1860ஆம் ஆண்டையொட்டி, கோதுமை, காய்கறி, பீட்ரூட், உலர்ந்த மாட்டிறைச்சி ஆகியவற்றைச் சேர்த்து நாய்களுக்கென்றே பிஸ்கட் செய்து லண்டனில் விற்கத் தொடங்கினார். இன்று உலகெங்கும் நடக்கும் நாய் உணவுத் தொழிலின் தொடக்கம் அதுதான்.

இறைச்சி தின்னும் ஓநாயின் வழியில் வந்த நாய்க்கு மாவுப்பண்டம் செரிக்குமா? செரிக்கும். மாவுச்சத்தைச் செரிக்க உதவும் நொதி அமைலேஸ். அதை உண்டாக்கும் மரபணு ஓநாயிடம் இரண்டு படிகள் மட்டுமே உண்டு. நாய்களிடமோ 4 முதல் 30 படிகள்வரை இருப்பதை ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் 2013ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். மனிதன் பயிர் செய்யத் தொடங்கியபின், அவன் மிச்சத்தைத் தின்று வாழ்ந்த நாயின் உடலும் அதற்கேற்ப மாறிவிட்டது.

வெப்பத்தால் போகாத நஞ்சுகள்

ஆனால் எல்லாவற்றிலும் நாயின் உடல் நம் உடலைப்போல் ஆகிவிடவில்லை. முதல் நாளன்று என் மகள், "மேலே உலர்ந்த திராட்சை தூவலாமா?" என்று கேட்டாள். நல்லவேளையாக வீட்டில் திராட்சை தீர்ந்துபோயிருந்தது. பூசணத்தைவிடக் கொடிய ஆபத்திலிருந்து மணி தப்பியது எங்கள் அறிவால் அன்று, தற்செயலால்தான்.

திராட்சையும் உலர்ந்த திராட்சையும் சில நாய்களின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்கின்றன. அவற்றில் உள்ள டார்டாரிக் அமிலமே இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று 2021, 2022ஆம் ஆண்டுகளில் நச்சியல் மருத்துவர்கள் எடுத்துக்காட்டினர். புளியைத் தின்ற நாய்களுக்கும் இதே பாதிப்பு நேர்ந்தது அவர்களுக்கு ஒரு தடயமாக அமைந்தது. புளியில் டார்டாரிக் அமிலம் மிகுதி. புளிச்சாதமும் குழம்புச் சாதமும் மிஞ்சினால் நாய்க்குக் கொட்டும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு அல்லவா? சற்று யோசியுங்கள்.

வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கின்றன. வேகவைத்தாலும், வதக்கினாலும், பொடியாக்கினாலும் அந்தத் தீங்கு போவதில்லை.

சாக்லேட்டிலும் கோகோப் பொடியிலும் தியோபுரோமின் என்ற பொருள் உள்ளது. கதிரியக்கப் பாடத்தில் 'அரை ஆயுட்காலம்' என்று படித்திருப்பீர்கள். உடலில் சேர்ந்த மருந்துக்கும் நஞ்சுக்கும்கூட அவ்வாறு கணக்கிடலாம். தியோபுரோமின் நாயின் உடலில் பாதியாகக் குறைய ஏறத்தாழ 17½ மணி நேரம் ஆகிறது. மனித உடலில் 8 மணி நேரம் என்று கொள்வோம். ஒரு நாள் கழித்து நம் உடலில் எட்டில் ஒரு பங்கே எஞ்சியிருக்கும். நாயின் உடலில் ஐந்தில் இரண்டு பங்கு எஞ்சிநிற்கும். அதற்குள் அதன் இதயத்தையும் நரம்புகளையும் அது தாக்கிவிடும். உடல் எடையில் கிலோகிராமுக்கு 20 மில்லிகிராம் சேர்ந்தாலே நோய்க்குறிகள் தொடங்கும். மணியைப் போன்ற 10 கிலோகிராம் நாய்க்கு 200 மில்லிகிராம். ஏறத்தாழ 10 கிராம் கோகோப் பொடியிலேயே அவ்வளவு இருக்கும்.

சர்க்கரைக்குப் பதிலாகச் சில மிட்டாய்களிலும் சூயிங்கத்திலும் சேர்க்கப்படும் சைலிடால் இன்னொரு நஞ்சு. நமக்கு அது தீங்கற்றது. நாயின் உடலிலோ இன்சுலினைத் தாறுமாறாகச் சுரக்கச் செய்து, இரத்தத்தின் சர்க்கரை அளவை ஆபத்தான நிலைக்குத் தாழ்த்திவிடும்.

இவை எல்லாம் வேதிப்பொருள்கள். உயிருள்ள கிருமிகள் அல்ல. ஆகவே ஓவனின் வெப்பம் இவற்றிலிருந்து நாயைக் காப்பாற்றாது. 'நன்றாக வெந்துவிட்டது, இனி ஆபத்தில்லை' என்ற நினைப்பு கிருமிக்குப் பொருந்தும்; நஞ்சுக்குப் பொருந்தாது. இவற்றில் எதையேனும் உங்கள் நாய் தின்றுவிட்டால் நோய்க்குறி தெரியும்வரை காத்திராமல் உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள்.

நாளைக்கு எத்தனை?

எங்கள் 60 பிஸ்கட்டுகளில் மொத்தம் ஏறத்தாழ 775 கிலோகலோரி உள்ளது. ஒன்றுக்கு 13 கிலோகலோரி. 10 கிலோகிராம் எடையுள்ள வளர்ந்த நாய்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 600 கிலோகலோரி வேண்டும். தின்பண்டம் அதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது கால்நடை மருத்துவர்கள் சொல்லும் அளவு. ஆகவே நாளைக்கு நான்கு பிஸ்கட். மீதி வேளைச் சாப்பாடாகவே இருக்கவேண்டும். புதிய பண்டத்தை முதலில் ஒரு துண்டு மட்டும் கொடுத்து ஒரு நாள் கவனித்துப் பாருங்கள்.

சர்க்கரை இல்லாமல் நாய் தின்னுமா என்று கவலைப்படவேண்டாம். நம் நாக்கில் ஏறத்தாழ 9,000 சுவை மொட்டுகள் உண்டு. நாயின் நாக்கில் 1,700 தான். அதன் இன்பமெல்லாம் மூக்கில் இருக்கிறது. முட்டையும் மாவும் சிவக்கும்போது எழும் மணமே அதற்குப் போதும்.

செய்து பாருங்கள்

வீட்டில் நாய் இல்லாவிட்டாலும் இச்சோதனைகளைச் செய்யலாம். அடுப்பு வேலைக்குப் பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

1. ஒரே மாவை அரை சென்டிமீட்டர், ஒரு சென்டிமீட்டர் கனங்களில் தேய்த்துச் சம எடையில் எடுத்து ஒன்றாகச் சுடுங்கள். 20 நிமிடத்துக்கு ஒருமுறை எடைபோட்டு, நேரத்தையும் எடையையும் வரைகட்டத் தாளில் குறியுங்கள். இரண்டு கோடுகளும் எங்கே பிரிகின்றன?

2. நன்கு உலர்ந்த பிஸ்கட் ஒன்றைத் திறந்த தட்டிலும், மற்றொன்றை இறுக மூடிய டப்பாவிலும் வையுங்கள். மூன்று நாள் எடைபோடுங்கள். எது கனக்கிறது? அந்த எடை எங்கிருந்து வந்தது?

3. ஓவன் இல்லாதவர்கள், கனமான பாத்திரத்தில் மணல் பரப்பி, அதன்மேல் தட்டை வைத்து மூடிச் சுடலாம். சித்திரை வெயிலில் வடகம் காயும் மாடியில், மெல்லிய துணியால் மூடி இரண்டு நாள் உலர்த்தலாம். எடை குறைவது நின்றால்தான் உலர்ந்தது என்று பொருள்.

எங்கள் வீட்டில் இப்போது டப்பாவின் மேல் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது. சுட்ட தேதியும் கடைசி எடையும் என் மகளின் கையெழுத்தில் இருக்கும். எடை எழுதப்படாத பிஸ்கட்டை மணிக்குக் கொடுக்க அவள் எனக்கு அனுமதி தருவதில்லை.